கீமோ நடக்கும்போது கானோடெர்மா காளான் காப்சூல் குடுக்கலாமா? அம்மாவுக்கு வயித்துல கேன்சர்

வைகைக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 61 வயசு. வயித்துல கேன்சர்னு தெரிஞ்சு ஆபரேஷன் பண்ணி இரைப்பையில முக்காவாசிய எடுத்துட்டாங்க, ஸ்டேஜ் 3 ஆரம்பம்னு ரிப்போர்ட்ல போட்டிருக்கு, இப்ப கீமோ போயிட்டிருக்கு, மூணு வாரத்துக்கு ஒரு தடவ ஆக்சாலிபிளாட்டின் டிரிப் ஏத்துறாங்க, கூட வீட்டுல கேபசிடபின் மாத்திரை. மொத்தம் 8 சைக்கிள், பாதி கூட இன்னும் முடியல. அம்மா ரொம்ப தளர்ந்து போயிட்டாங்க, வாய்க்கு எதுவும் பிடிக்கல, கை கால் விரல்லாம் மரத்துப் போகுது, குளிர்ந்த தண்ணிய தொட்டாலே கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்குங்கறாங்க.

இந்த நேரத்துல பெரிய மாமாவோட ஃப்ரெண்ட் ஒருத்தர் வீட்டுக்கு வந்து கானோடெர்மானு ஒரு காளான் காப்சூல் இருக்கு, ஜப்பான்ல கேன்சருக்கு கவர்மென்ட்டே அப்ரூவ் பண்ண காளான், எதிர்ப்பு சக்திய ஏத்தும்னு ரெண்டு மணி நேரம் பேசிட்டுப் போனார். செயின் மார்க்கெட்டிங்ல விக்கிறார் போல. மாசம் ஏழாயிரம் ஆகும்னார். அதோட நிக்காம "ரெண்டு மாசம் இத குடுத்துப் பாருங்க, அப்புறம் கீமோவே தேவப்படாது"ன்னு அம்மா முன்னாடியே சொல்லிட்டார். அம்மா அதுலருந்து கீமோ போதும்டாங்கறாங்க. மாமாவும் அவர் பக்கம்தான்.

எனக்கு கீமோவ நிறுத்துற எண்ணம் இல்ல. ஆனா கூடவே இந்த காளானையும் குடுத்தா தப்பா? ஜப்பான் விஷயம் நெஜமா? இன்னொண்ணு, அம்மாவுக்கு முன்னாடியே ஹார்ட்ல ஸ்டென்ட் வச்சிருக்கு, ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் ஓடுது. டாக்டர்கிட்ட கேக்க கூச்சமா இருக்கு, அஞ்சு நிமிஷம்தான் நேரம் குடுக்கறாங்க. தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.


கடம்பவனம்:

தம்பி, மொதல்ல அம்மா சீக்கிரம் தேறி வரட்டும். நான் டாக்டர் இல்ல, எங்க வீட்டுலயும் இதே நோய் வந்ததால இந்த விஷயத்த ரொம்ப நாளா தேடித்தேடிப் படிக்கிறவன். ஜப்பான் கதைய முழுசா சொல்றேன், ஏன்னா அவர் பாதிய சொல்லிட்டு பாதிய விட்டுட்டுப் போயிருக்கார், விட்ட பாதிதான் உங்களுக்கு முக்கியம்.

ஜப்பான்ல அப்ரூவ் ஆனது நெஜம். ஆனா அது கானோடெர்மா இல்ல. பட்டுப்போன மரக்கட்டையில விசிறி விசிறியா அடுக்கா முளைக்கிற டிராமெட்டஸ் வெர்சிகலர்னு வேற ஒரு காளான், வான்கோழி வால் மாதிரி வரி வரியா இருக்கறதால டர்க்கி டெயில்னு சொல்வாங்க. அதோட மைசீலியத்துலருந்து, அதாவது காளான் முளைக்கறதுக்கு முன்னாடி நூல் நூலா பரவுற பூசண இழையிலருந்து, ஒரு குறிப்பிட்ட பொருள பிரிச்சு எடுத்து, பிஎஸ்கேனு பேர் வச்சு, கிரெஸ்டின்ங்கற பிராண்டுல 1977ல மருந்தா கொண்டு வந்தாங்க. அது ஃபேக்டரியில ஒவ்வொரு பேட்சும் ஒரே மாதிரி வர்ற மாதிரி தயாரிச்ச மருந்து, டாக்டர் எழுதிக் குடுத்து வாங்கறது, வழக்கமா ஒரு நாளைக்கு 3 கிராம். 1980கள்ல ஜப்பான்ல அதிகமா வித்த கேன்சர் மருந்துகள்ல அதுவும் ஒண்ணு.

அப்புறம் நடந்தத அவர் சொல்லியிருக்க மாட்டார். 1989ல ஜப்பான் கவர்மென்ட் இந்த மருந்த திரும்ப ஆராய்ஞ்சு பாத்துட்டு, தனியா குடுத்தா வேலை செய்யுதுன்னு சொல்ல ஆதாரம் போதாது, கீமோவோட சேத்துதான் குடுக்கணும்னு அனுமதிய சுருக்கிட்டாங்க. அதாவது அந்த நாட்டு அரசாங்கமே "கீமோவுக்கு பதிலா இது இல்ல"ன்னு முப்பது வருஷத்துக்கு முன்னாடியே சொல்லிருச்சு. இத மாமாகிட்ட அப்படியே சொல்லுங்க.

கீமோவோட சேத்து குடுத்தப்ப என்ன ஆச்சுன்னா, 1994ல லான்செட்ங்கற மருத்துவ பத்திரிகையில ஒரு ஆய்வு வந்துச்சு, உங்கம்மா மாதிரியே வயித்து கேன்சருக்கு ஆபரேஷன் முடிஞ்ச 262 பேர், பாதிப் பேருக்கு கீமோ மட்டும், மீதிப் பேருக்கு கீமோவும் பிஎஸ்கேவும். அஞ்சு வருஷம் கழிச்சு உயிரோட இருந்தவங்க கீமோ மட்டும் எடுத்தவங்கள்ல 60 சதவீதம், ரெண்டும் எடுத்தவங்கள்ல 73 சதவீதம். நல்ல வித்தியாசம்தான். அப்புறம் 2007ல எட்டு ஆய்வுகள ஒண்ணா சேத்து 8,009 பேரோட கணக்க பாத்தப்ப அந்த வித்தியாசம் சுருங்குச்சு, ஆனா இருந்துச்சு, இறப்பு வாய்ப்பு சுமார் 12 சதவீதம் குறைஞ்சதா வந்துச்சு. அதனால காளான்ல ஒண்ணுமே இல்ல, எல்லாம் ஏமாத்துன்னு சொல்றவங்களும் முழுசா படிக்காதவங்கதான்.

ஆனா அந்தக் காலத்து கீமோ வேற, மைட்டோமைசினும் ஃப்ளோரோயுராசில் மாத்திரையும். இப்ப உங்கம்மாவுக்கு குடுக்கறது அதவிட பலமானது. ஆக்சாலிபிளாட்டினும் கேபசிடபினும் சேந்த இதே 8 சைக்கிள கொரியா, சீனா, தைவான்ல 1,035 பேர்கிட்ட பரிசோதிச்சாங்க, கிளாசிக்னு பேரு, 2012ல லான்செட்ல வந்துச்சு. ஆபரேஷன் மட்டும் பண்ணவங்கள்ல மூணு வருஷம் நோய் திரும்பாம இருந்தவங்க 59 சதவீதம், கீமோவும் எடுத்தவங்கள்ல 74. அம்மா கை மரத்துப் போய் கஷ்டப்படறது இந்த 15 சதவீதத்துக்காகத்தான் தம்பி. இத கண்ணு முன்னாடி வச்சிக்கிட்டு ஏழாயிரம் ரூபா காப்சூல நம்பி விட்டுடாதீங்க, கால்ல விழுந்து கேக்கறேன்.

ஷிடாகே காளான்லருந்து எடுத்த லென்டினான்னு இன்னொண்ணும் 1985ல ஜப்பான்ல வந்துச்சு, அது ஊசி. ஆபரேஷன் பண்ண முடியாத வயித்து கேன்சருக்கு புது கீமோவோட சேத்து பெரிய அளவுல சோதிச்சப்ப ஆயுள் கூடல. கிரெஸ்டினும் இப்ப அங்க மார்க்கெட்ல இல்ல. கீமோ நல்லா ஆக ஆக காளான் சேக்கறதால கிடைக்கற கூடுதல் பலன் சின்னதாகிட்டே வருதுன்னுதான் நான் புரிஞ்சிக்கிறேன்.


நெல்லைச்சீமை:

கடம்பவனம் அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஆனா நான் இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். எங்கப்பாவுக்கு குடல் கேன்சர் கீமோ நடந்தப்ப ரெய்ஷி காப்சூல் குடுத்தோம், டாக்டர்கிட்ட டப்பாவ காட்டி லிவர் டெஸ்ட் அடிக்கடி பாத்துக்கறேன்னு அவங்க சொன்னப்புறம்தான். அப்பாவுக்கு பசி கொஞ்சம் திரும்புச்சு, ராத்திரி தூங்கினார். அது காளானாலயா கீமோ டோஸ் குறைச்சதாலயானு என்னால பிரிச்சு சொல்ல முடியாது. ஆனா வீட்டுல இருக்கறவங்களுக்கு சும்மா கைய கட்டிட்டு நிக்காம ஏதோ ஒண்ணு செய்யறோம்ங்கற அந்த தெம்பு இருக்கே, அத லேசா நினைக்காதீங்க யாரும். அந்த தவிப்பு அனுபவிச்சவங்களுக்குத்தான் தெரியும்.

ப்ரோ, ரெய்ஷியும் கானோடெர்மாவும் ஒண்ணுதான், ஜப்பான்காரங்க வச்ச பேரு ரெய்ஷி, சீனாவுல லிங்சி. அது பத்தி காக்ரேன்ல, அதாவது மருத்துவ ஆய்வுகள ஒண்ணா சேத்து அலசிப் பாக்கற அமைப்புல, ஒரு மதிப்பாய்வு இருக்கு, அஞ்சு ஆய்வு, 373 பேர். கீமோவோ ரேடியேஷனோ எடுக்கறவங்க கூட சேத்து எடுத்தா ட்ரீட்மென்ட்டுக்கு கொஞ்சம் நல்லா ரெஸ்பான்ஸ் வந்துச்சு, சிலருக்கு தெம்பு கூடுச்சுன்னு இருக்கு, ஆனா தனியா குடுத்தா கட்டி சுருங்கல, ஆயுள் கூடுமானும் சொல்ல முடியாது, ஆய்வுகளோட தரமும் சுமார்தான்னு அவங்களே எழுதியிருக்காங்க. அதனால துணைக்கு வச்சிக்கலாமானு யோசிக்கலாம், பதிலுக்கு வச்சிக்கவே கூடாது. கீமோவ நிறுத்த சொன்ன அந்த ஆள இனிமே வீட்டுக்குள்ள விடாதீங்க.


மருந்துக்கட்டு_திருச்சி:

நான் ஆஸ்பத்திரி பார்மசில வேல பாக்கறேன், கீமோ மருந்து கலக்கறது எங்க டிபார்ட்மென்ட்தான். நெல்லைச்சீமை அப்பாவுக்கு ஒத்துவந்துது சந்தோஷம், ஆனா வைகைக்கரை தம்பியோட அம்மா விஷயம் வேற, அந்த ஸ்டென்ட்ட யாரும் கவனிக்காம தாண்டிப் போயிட்டீங்க.

ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் ரெண்டும் ரத்தத்த உறைய வைக்கற பிளேட்லெட் அணுக்கள் ஒட்டிக்காம பாத்துக்கற மருந்து. ஆக்சாலிபிளாட்டின் பிளேட்லெட் எண்ணிக்கையவே குறைக்கும், சைக்கிள் போகப்போக இன்னும் இறங்கும். ஆக இருக்கறதே கம்மி, இருக்கறதும் ஒட்டாது, ரத்தம் கசிஞ்சா லேசுல நிக்காது. இதுக்கு மேல கானோடெர்மா, அதுக்கும் பிளேட்லெட் ஒட்டறத தடுக்கற தன்மை இருக்குன்னு லேப்ல பாத்திருக்காங்க. ஆரோக்கியமானவங்களுக்கு குடுத்துப் பாத்த சின்ன ஆய்வுல ரத்தம் உறையறதுல மாற்றம் வரல, அத காட்டி பயமில்லன்னு சொல்வாங்க, ஆனா அவங்க யாரும் ரெண்டு ரத்த மருந்தும் கீமோவும் ஒண்ணா எடுத்தவங்க இல்லையே. வயித்துல தையல் போட்டு ஆறின இடம் வேற. எங்கிட்ட கேட்டா இப்ப வேண்டாம்னுதான் சொல்வேன், கீமோ முடியற வரைக்கும் கண்டிப்பா வேண்டாம்.

லிவர் விஷயமும் சொல்லிடறேன். கானோடெர்மாவ தண்ணில கொதிக்க வச்சு குடிச்சிட்டிருந்தவங்க பொடிக்கு மாறினப்புறம் லிவர் பாதிச்ச கேஸ் ஹாங்காங்லயும் தாய்லாந்துலயும் பதிவாகியிருக்கு, ஒருத்தர் இறந்தே போனாங்க. அரிதுதான். ஆனா கீமோ நடக்கும்போது லிவர் டெஸ்ட்ல எஸ்ஜிபிடி அளவு ஏறினா அது கேபசிடபினாலயா காப்சூலாலயானு டாக்டருக்கு எப்படித் தெரியும்? நீங்க மறைச்சு குடுத்தா அவர் கீமோ டோஸ குறைப்பார், இல்ல சைக்கிள தள்ளிப் போடுவார். நஷ்டம் அம்மாவுக்குத்தான். வார்டுல இந்த மாதிரி அடிக்கடி பாக்கறோம், டாக்டருக்கு பயந்து தலையணைக்கு கீழ கஷாய பாட்டில ஒளிச்சு வச்சிருப்பாங்க, பாக்கவே வேதனையா இருக்கும்.

அதே ஆள் நாளைக்கு சாகானு இன்னொரு கறுப்பு காளான் பொடிய கொண்டு வந்தாலும் வாங்காதீங்க. அதுல கிட்னியில படிஞ்சு கெடுக்கற ஆக்சலேட்ங்கற உப்பு ரொம்ப அதிகம். ஜப்பான்ல லிவர் கேன்சர் வந்த 72 வயசு அம்மா ஒருத்தங்க தினமும் நாலஞ்சு ஸ்பூன் அந்தப் பொடிய ஆறு மாசம் சாப்பிட்டு கிட்னி போய் டயாலிசிஸ் வரைக்கும் போனது 2014ல மருத்துவ இதழ்ல வந்திருக்கு. கேபசிடபின் எடுக்கறவங்களுக்கு கிட்னி நல்லா இருக்கணும், கிட்னி கெட்டா டோஸையே குறைக்க வேண்டி வரும்.

டாக்டர்கிட்ட அஞ்சு நிமிஷம்தான் கிடைக்குதுன்னீங்கல்ல, அடுத்த தடவ போகும்போது ஒரு தாள்ல அம்மா எடுக்கற எல்லாத்தையும் எழுதி நர்ஸ்கிட்ட முன்னாடியே குடுத்துடுங்க, சித்த மருந்து, நாட்டு மருந்து, சத்து மாவு வரைக்கும். கூச்சமே வேண்டாம் தம்பி, அவங்க இத தினமும் கேக்கறவங்க.


ஓசூர்_காளான்குடில்:

நான் காளான் வளக்கறவன், சிப்பிக் காளானும் பால் காளானும். கேன்சர் பத்தி எனக்குத் தெரியாது, அந்த காப்சூல் உள்ள என்ன இருக்குங்கறது பத்தி தெரியும், அத மட்டும் சொல்றேன்.

காளான் விதைங்கறது வெள்ளைச் சோளத்த வேக வச்சு அதுல பூசணத்த பரவ விட்டு எடுக்கறது. பாட்டில் முழுக்க வெள்ளையா நூல் நூலா ஓடியிருக்கும், ஆனா எடையில பெரும்பங்கு சோளம்தான். வெளிநாட்டுல விக்கிற நிறைய காளான் பொடி இப்படித்தான், அரிசியிலயோ ஓட்ஸ்லயோ மைசீலியத்த ஓட விட்டு தானியத்தோட சேத்தே காய வச்சு அரைச்சிடறாங்க. காளான்ல வேல செய்யறதா சொல்ற பீட்டா குளுக்கான் அதுல கம்மியாவும் மாவுச்சத்து அதிகமாவும் இருக்கும். லேபிள்ல பாலிசாக்கரைடு இவ்வளவு சதவீதம்னு பெருசா போட்டிருப்பாங்க, மாவுச்சத்தும் பாலிசாக்கரைடுதாங்க, அது ஒண்ணும் பெருமை இல்ல. பீட்டா குளுக்கான் எவ்வளவு, ஸ்டார்ச் எவ்வளவுன்னு தனித்தனியா போட்டிருக்கானு பாருங்க, அதோட காளானா மைசீலியமானும் பாருங்க. அமெரிக்காவுல கடையில வித்த ரெய்ஷி சப்ளிமென்ட் 19 பேட்ச வாங்கி சோதிச்சதுல வெறும் அஞ்சுதான் உண்மையான ரெய்ஷிக்கு உரிய பொருளோட ஒத்துப்போச்சு, 2017ல வந்த ஆய்வு. அங்கயே அந்த நிலமைன்னா, பில் கூட குடுக்காம வீட்டு வாசல்ல விக்கிறத என்ன நம்பிக்கையில வாங்கறது.

இன்னொண்ணும் சொல்லணும், ஏன்னா இது ஆபத்து. கானோடெர்மா நம்ம ஊர் தென்னந்தோப்புலயே இருக்கு, தஞ்சாவூர் வாடல் நோய்னு சொல்றோமே, அடித்தண்டு அழுகி செம்பழுப்பா சாறு வடியும், கடைசியில மரத்தடியில தட்டு தட்டா பளபளன்னு முளைக்கும், அந்தக் குடும்பம்தான். யூடியூப் பாத்துட்டு "இதுவும் அதுதானே"ன்னு அத வெட்டி கஷாயம் வைக்கறவங்க இருக்காங்க. தயவுசெஞ்சு வேண்டாம். ஒரே மாதிரி தெரியற இனம் நிறைய இருக்கு, தோப்புல என்ன மருந்து வச்சிருக்காங்கன்னும் தெரியாது, நோய்க்கு வேர் வழியா மருந்து கட்டற பழக்கம் இருக்கு.


வைகைக்கரை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, படிச்சு முடிச்சப்ப கண்ணு கலங்கிருச்சு. திருச்சி அக்கா சொன்ன மாதிரியே தாள்ல எழுதி குடுத்தேன். டாக்டர் திட்டவே இல்ல. பிளேட்லெட் 92,000க்கு இறங்கியிருக்கு, இந்த நேரத்துல இந்த காப்சூல் வேண்டவே வேண்டாம், கீமோ முடிஞ்சப்புறம் வேணும்னா கார்டியாலஜிஸ்ட்டையும் கேட்டுட்டு பேசலாம்னார். மரத்துப் போறதுக்கு ஆக்சாலிபிளாட்டின் டோஸ குறைக்கப் போறாங்களாம், இத முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மானு கேட்டார், அம்மா எல்லாத்தையும் பொறுத்துக்கணும்னு நினச்சு சொல்லாமலே இருந்திருக்காங்க. இப்ப கீமோவுக்கு வரேன்னு சொல்லிட்டாங்க.

மாமாகிட்ட 1989 விஷயத்த சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் அப்ப என்னதான் குடுக்கறதுன்னு கேட்டார். அவரும் பாசத்துலதான் கேக்கறார். நானும் அதயே கேக்கறேன், சாதா காளான் சமைச்சு குடுக்கலாமா? எதிர்ப்பு சக்திக்கு வேற என்ன செய்யலாம்?


மருந்துக்கட்டு_திருச்சி:

டோஸ் குறைக்கறது நல்ல முடிவு தம்பி, பயப்படாதீங்க, மரத்துப் போறத முத்த விட்டா வருஷக்கணக்குல நிக்கும்.

சமைச்ச காளான் உணவுதான், குடுக்கலாம், மொட்டுக் காளானோ சிப்பிக் காளானோ பால் காளானோ எதுவா இருந்தாலும் சரி. ஆனா இரைப்பை முக்காவாசி இல்லாதவங்க, அதனால பொடிப்பொடியா நறுக்கி நல்லா வேக வச்சு குடுங்க, நல்லா மென்னு சாப்பிடச் சொல்லுங்க. மெல்லாம முழுங்கின ஷிடாகே துண்டு குடல்ல அடைச்சுகிட்ட கேஸ்லாம் ஜப்பான்ல பதிவாகியிருக்கு. பச்சையா, அரை வேக்காடா வேண்டவே வேண்டாம், வெள்ளை அணு குறையற நாள்கள்ல பூசணம் பிடிச்ச, வாடிப் போன பாக்கெட்ட தொடக்கூடாது. சூப்பா வச்சா ரொம்ப சூடா இல்லாம வெதுவெதுன்னு குடுங்க, குளிர்ச்சியாவும் வேண்டாம், ஆக்சாலிபிளாட்டின் ஏத்தின அப்புறம் தொண்டை பிடிக்கும்.

எதிர்ப்பு சக்தின்னா மொதல்ல எடை குறையாம பாத்துக்கறதுதான். கொஞ்சம் கொஞ்சமா நாளைக்கு ஆறு ஏழு வேளை, ஒவ்வொரு வேளையும் முட்டை, பருப்பு, மீன், பனீர் ஏதாவது ஒண்ணு இருக்கணும். சாப்பிடும்போது தண்ணி கம்மியா, நடுவுல குடிக்கட்டும். அந்த ஏழாயிரத்துல மாசம் முழுக்க நல்ல மீனும் முட்டையும் வாங்கலாம்னு மாமாகிட்ட சொல்லுங்க, அவரையே வாங்கி வரச் சொல்லுங்க. பி12 அளவும் ஒரு தடவ பாக்கச் சொல்லி கேளுங்க, இரைப்பை எடுத்தவங்களுக்கு அது குறையும், குறைஞ்சாலும் கை கால் மரக்கும்.


நெல்லைச்சீமை:

ப்ரோ சாயங்காலம் கொஞ்ச நேரம் அம்மாவ நடக்க வைங்க, தெருமுனை வரைக்கும் போதும். கேன்சர் சோர்வுக்கும் மனசு பதட்டத்துக்கும் நடை, யோகா, தியானம் உதவும்னு அமெரிக்க கேன்சர் டாக்டர்கள் சங்கமே வழிகாட்டுதல்ல எழுதியிருக்கு, கூட்டு சிகிச்சைனு பாத்தா காளானவிட இதுக்கு ஆதாரம் கெட்டியா இருக்கு, காசும் இல்ல.


கடம்பவனம்:

தம்பி இன்னும் ஒரே ஒரு விஷயம், மாமாவுக்கும் அம்மாவுக்கும் படிச்சு காட்டுங்க. 2018ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு வந்துச்சு, வழக்கமான ட்ரீட்மென்ட்டோட மாற்று மருத்துவமும் சேத்து எடுத்த 258 பேர, வழக்கமானது மட்டும் எடுத்த 1,032 பேரோட ஒப்பிட்டாங்க. சேத்து எடுத்தவங்க இறக்கற வாய்ப்பு ரெண்டு மடங்கா இருந்துச்சு. காரணம் அந்த மருந்து விஷம்ங்கறது இல்ல, அவங்கள்ல நிறைய பேர் ஆபரேஷனோ கீமோவோ ரேடியேஷனோ ஏதோ ஒண்ண வேண்டாம்னு விட்டுட்டாங்க. அம்மா மிச்ச சைக்கிள் எல்லாத்தையும் முடிக்கட்டும். அடுத்த டிரிப் எப்பன்னு இங்க போடுங்க, அன்னிக்கு நாங்க எல்லாரும் அம்மாவுக்காக வேண்டிக்கறோம்.


வைகைக்கரை:

வர்ற வியாழக்கிழமை அண்ணா, ரத்த ரிப்போர்ட்ல பிளேட்லெட் ஏறியிருந்தா. இல்லன்னா ஒரு வாரம் தள்ளும்னாங்க. மாமா மீன் வாங்கிட்டு வந்துட்டார், அம்மாவுக்கு முள்ளு எடுத்து குடுத்துட்டு இருக்கார்.